பதினொன்றாம் இலக்கத் துண்டு

மாநகர சபையில் ஒரு பட்டியல் இருக்கிறது.
அதில் முதலாவது பெயர் என்னுடையது,
இரண்டு வருஷமும் நாலு மாதமுமாக.

நான் இருப்பது திருமலை வீதியில்
போன் கடைக்கு மேலே, ஒன்றரை அறை.
பல்கனியில் தயிர்ச்சட்டி மூன்று:
ஒன்றில் கொச்சி, ஒன்றில் வல்லாரை,
மற்றதில் என்ன போட்டேன் என்று எனக்கே மறந்துபோயிற்று.
தண்ணி ஊற்றினால்
கீழே கடைக்காரரின் பெயர்ப்பலகை நனையும்.
அவர் ஒன்றும் சொல்வதில்லை. நிமிர்ந்து பார்ப்பார்.

வேலை முடிந்து சைக்கிளை
வாவிக்கரைப் பக்கம் திருப்புவேன்.
பழைய ஐஸ் ஆலை இருந்த காணி,
இப்போது இருபத்துநாலு துண்டு.
முட்கம்பிக்கு அந்தப் பக்கம்
பயற்றங்கொடி, வெண்டி,
ஒருத்தர் பிடிவாதமாக
உப்புக்காற்றில் கோவா வளர்க்கிறார்.
பஸ் ஹோர்ன் அங்கே வந்து சேரும்போது
தூரத்தில் யாரோ தும்மினமாதிரி இருக்கும்.

விதி இதுதான்:
மூன்று மாதம் கொத்தாமல் கிடந்தால்
துண்டு சபைக்குத் திரும்பும்.
சபையிடமிருந்து எனக்கு வரும்.

பதினொன்றாம் இலக்கம்
சித்திரை வருஷத்துக்குப் பிறகு கொத்தப்படவில்லை.
வைகாசியில் அறுகு வரம்பு தாண்டியது.
ஆனியில் கச்சான் காற்று
கத்தரியின் கடைசி இலையையும் வறுத்துப் போட்டது.
கோரை முளைத்தபோது நான்,
சொல்ல வெட்கம்தான்,
சந்தோஷப்பட்டேன்.
கலண்டரில் நாட்களை வெட்டினேன்.
மின்கட்டணப் பில்லின் பின்பக்கத்தில்
கீறியும் வைத்தேன்:
வாசலில் பசளி. மூலையில் பாகல்.
ஒரு கதிரைக்கு இடம்.

எண்பத்திரண்டாம் நாள் போய்ப் பார்த்தால்
கோரை இல்லை.
மண் கறுப்பாக, ஈரமாக,
இப்போதுதான் தலைமுழுகினதுபோல் கிடந்தது.
கத்தரித் தண்டில்
குண்டூசித் தலையளவு பச்சை.

எனக்கு வந்த கோபத்தை
எந்தச் சபையில் போய்ப் பதிவது?

யார் செய்தது என்று கேட்டேன்.
பத்தாம் இலக்கத்து ஹிதாயா டீச்சர்
"மழை பெய்ததாக்கும்" என்றா.
மழை பெய்து ஐம்பது நாள்.
பன்னிரண்டாம் இலக்கத்து லோறன்ஸ் அன்ட்ராடோ,
வெல்டிங் பட்டறைக்காரர்,
"எனக்குத் தெரியாதே பிள்ளை" என்றார்,
பத்து நகத்துக்குள்ளும் மண்.

பிறகு அவரே
கேட்டை இறுக்குகிற சாட்டில் குரலைத் தணித்து,
"பவளக்கொடி மகளோட மகரகமவில நிக்கிறா."
மகரகம என்றால்
இந்த ஊரில் மேலே ஒன்றும் கேட்கத் தேவையில்லை.
பிள்ளைக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டேன்.
ஒன்பது.

சபை ஆள் பார்க்க வர நாலு நாள் இருக்கும்போது
கட்டாக்காலி மாடு ஒன்று, காதில் பச்சைத் தகடு,
வேலியைச் சரித்துக்கொண்டு
நேரே பதினொன்றுக்கு.
உள்ளே ஒரு சனமும் இல்லை. நான் வெளியே.
மாடு தின்றால் யார் பொறுப்பு?

சட்டை முட்கம்பியில் கிழிந்தது
எனக்குக் கேட்கவில்லை.
"போ! சனியன்! போ!" என்று கத்தினது
என் குரல்தானாம்.
பாலத்தடியில் தூண்டில் போட்டவர்கள் பிறகு சொன்னார்கள்.

அன்ட்ராடோ வந்தபோது
சரிந்த கட்டையைத் தோளால் தாங்கிக்கொண்டு நின்றேன்.
ஏன் உள்ளே வந்தாய் என்று கேட்கவில்லை.
பட்டியலைப் பற்றியும் கேட்கவில்லை, தெரிந்திருந்தும்.
கல் அடுக்கிக் கட்டையை இறுக்கினார்.
வாளியை நீட்டினார்.

"திங்கள் டீச்சர். புதன் நான்.
செவ்வாயும் வெள்ளியும் ஆளில்லை."

சபை ஆள் வந்தார், பார்த்தார்,
"பயிர் உண்டு" என்று எழுதிக்கொண்டு போனார்.
பேனை என்னுடையது.

இப்போது கத்தரி காய்த்திருக்கிறது.
இரவு பஸ்ஸில் அனுப்பலாமா என்று
டீச்சர் யோசிக்கிறா.
கொழும்பிலும் கத்தரிக்காய் விற்கிறார்கள்தான்.

பட்டியலில் நான் இன்னும் முதலாவது.
கிழிந்த சட்டையை இன்னும் தைக்கவில்லை.
செவ்வாய்க்கிழமைகளில்
அதைத்தான் போடுகிறேன்.